ஊர்க்கதையும் வரலாற்றுச் சான்றும்

ஊர்க்கதை என்றவுடனே முகஞ் சுளிப்போர் ஒரு சாரார். அது முதியோர் பொழுதுபோக்கு. அதிலே ஆண்டு இல்லை, ஆவணம் இல்லை. ஆதலின் அது வரலாறு ஆகாது என்பர் அவர். ஊர்க்கதையைக் கேட்ட மாத்திரத்தே கைகூப்பி ஏற்றுக்கொள்வோர் மற்றொரு சாரார். எம் முன்னோர் சொன்னது பொய்யாகுமோ என்பது இவர் வினா. இவ்விரு சாராரும் கதையை ஆராயாது விடுதலில் ஒத்தவரே. முன்னவர் கேளாமலே தள்ளுகின்றனர். பின்னவர் வினாவாமலே கொள்ளுகின்றனர். வழக்கு மன்றிலே சாட்சி கூற வந்த ஒருவனை எவரும் இவ்வாறு நடத்துவதில்லை. நீ கண்டதா, கேட்டதா, யார் சொல்லக் கேட்டாய், எப்பொழுது கேட்டாய் என்று அவனை விசாரிப்பர். அதன் பின்னரே அவன் கூற்றின் நிறையை அளப்பர். ஊர்க்கதையையும் இங்ஙனம் ஒரு சாட்சியாகக் கொண்டு விசாரித்தல் எவ்வாறு என்பதை, எம் மாணவரும் பழைய மாணவரும் நன்கறிந்த நாவிதன்வெளி, கல்முனைச் சூழலையே உதாரணமாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம். கல்லூரி விழா மலருக்குப் பழம்பெருமை பேசும் கட்டுரையே பொருத்தமென்று கருதுவோர் இருக்கலாம். பெருமை பேசுதற்கு இம்மலரிலே வேறு பக்கங்கள் உள.

முதற்கண் பெயரை நோக்குவோம். நாவிதன்வெளி என்னும் பெயரிலே இரு சொற்கள் உள. வெளி என்பது கிழக்கிலங்கை வழக்கிலே பரந்த வயல்நிலத்தைக் குறிக்கும். வெல்லாவெளி, சந்திவெளி என்னும் ஊர்ப் பெயர்களிலும் இச்சொல்லைக் காணலாம். நாவிதன் என்பதற்கு உரை வேண்டியதில்லை. ஊருக்குத் தொழில் செய்தோர்க்குப் பணமாகக் கூலி கொடாது, களத்திலே நெல்லாக அளந்து கொடுத்தலும், தொழிலின் பொருட்டு நிலத்திலே உரிமை கொடுத்தலும் நம் நாட்டுப் பழைய முறைமை. அம்முறைமையின் நினைவை இப்பெயர் சுமந்து நிற்கின்றதெனக் கொள்ளுதல் சொல்லின் இயல்புக்கு ஒத்ததாகும். அந்நாவிதன் யார், அவனுக்கு அவ்வெளியைக் கொடுத்தவர் யார் என்று யாரேனும் பெயரும் ஆண்டும் சேர்த்துக் கதை கூறுவாராயின், அது பெயரிலிருந்து பிறந்த கதையா, கதையிலிருந்து பிறந்த பெயரா என்று வினாவுதல் நம் கடன்.

இப்பெயரைச் சொல்ல நாணும் மாணவர் சிலரை யாம் கண்டதுண்டு. வேறு பெயர் சூட்டினால் ஆகாதோ என்று எம்மிடம் வினாவியோரும் உளர். அரசர் பெயராலும் தெய்வங்களின் பெயராலும் வழங்கும் ஊர்கள் எண்ணிறந்தன. உழைத்து உண்ட ஒருவன் பெயரால் வழங்கும் ஊர்கள் மிகச் சில. அச்சிலவற்றுள் ஒன்று நமக்கு வாய்த்திருக்கின்றது என்று அவர்க்கு விடை கூறினோம். அவ்விடை அவர் மனத்திற் பதிந்ததோ, அன்றி ஆசிரியர் சொன்னாரே என்று பேசாதிருந்தாரோ, அறியோம்.

இனி, பெயர்கள் தனித்து நில்லாது கூட்டமாகச் சாட்சி பகரும் இடம் ஒன்றைக் காண்போம். கல்முனை, மருதமுனை, வீரமுனை, சொறிக்கல்முனை என்னும் நான்கு ஊர்ப் பெயர்களும் முனை என்னும் ஒரு சொல்லாலே முடிகின்றன. முனையாவது நீருக்குள் நீண்டு நிற்கும் நிலம். இந்நான்கும் நீரையோ, நீர் தேங்கும் தாழ்நிலத்தையோ அடுத்து அமைந்தவை. இவற்றுள் மருதமுனை முஸ்லிம் மக்கள் வாழும் ஊர். வீரமுனை தமிழர் ஊர். சொறிக்கல்முனை திருச்சிலுவை ஆலயத்தாற் புகழ்பெற்ற கத்தோலிக்க ஊர். கல்முனையோ யாவரும் கூடி வாழும் நகரம். சமயத்தால் வேறுபட்ட ஊர்கள் பெயரிடும் முறையால் ஒன்றுபட்டு நிற்றலைக் காண்க. வீரமுனையை அடுத்துள்ளது சம்மாந்துறை. சம்பான் என்னும் மரக்கலம் வந்தடைந்த துறையாதலின் சம்பான்துறை எனப்பெற்று, அது சம்மாந்துறை என மருவியது என்பது வழக்கு. இன்று அவ்வூர் கடலினின்றும் உள்ளே வயல்கள் சூழ அமைந்திருக்கின்றது. வயல் நடுவே துறை எங்ஙனம் வந்தது?

வீரமுனைக் கதையை இவ்விடத்தே கேட்டல் வேண்டும். சோழ நாட்டு அரசகுமாரி ஒருத்தியை மணந்து மரக்கலமேறி மீண்ட அரசகுமாரன் ஒருவனது கலம் கடலிடையே அசையாது நின்றதென்றும், தடைக்குக் காரணம் தேடியபோது நீரினடியிலே விநாயகர் திருவுருவம் கிடைத்ததென்றும், கலம் எங்கே கரை தட்டுமோ அங்கே ஆலயம் எடுப்போம் என அவர் நேர்ந்துகொண்டனரென்றும், கலம் வீரமுனையிலே கரை தட்டியதென்றும், அதுவே சிந்தா யாத்திரைப் பிள்ளையார் ஆலயமாயிற்றென்றும் கூறுவர். இக்கதையிலே அரசகுமாரியை ஆராயப் புகின் ஆண்டுக் கணக்கிலே மயங்குவோம். கலத்தை ஆராய்வோமாயின் வேறொன்று புலப்படும். கடற்கலம் ஒன்று உள்நாட்டு வீரமுனைவரை நீர்வழியே வரக்கூடும் என்பதைக் கதை சொன்னவரும் கேட்டவரும் ஐயுறவில்லை. பக்கத்தூர் முஸ்லிம் மக்களும் தம் ஊர்ப் பெயர்க் காரணத்திலே மரக்கலத்தையே கூறுகின்றனர். இரு சமூகத்தார் தம்முட் கலந்து பேசாமலே ஒரு நீர்வழியைச் சுட்டுவாராயின், அந்நீர்வழியை ஐயுறுதற்கு இடம் குறைவு. கதையின் தலைவனை விட்டுவிட்டாலும் கதையின் நிலம் நம்மிடம் எஞ்சுகின்றது.

மூன்றாவது சாட்சியொன்றும் உண்டு. கல்முனைப் பக்கத்தினின்றும் நாவிதன்வெளிக்குச் செல்வோர் கிட்டங்கித் தாம்போதியைக் கடந்தே செல்லுதல் வேண்டும். கிட்டங்கி என்பது பண்டகசாலையைக் குறிக்கும் சொல். நீர்க்கரையிலே பண்டகசாலையின் பெயர் நிலைத்திருத்தலால், பண்டம் ஏற்றியிறக்கிய இடம் அஃது என ஊகித்தல் தகும். ஊகம் என்றே இதனைக் குறித்து வைக்க. உறுதி என்று எழுதற்க. ஆயினும் துறை, முனை, கிட்டங்கி என்னும் மூன்றையும் ஒருங்கு வைத்து நோக்கின், இன்று வண்டியும் மோட்டாரும் செல்லும் இந்நிலம் ஒரு காலத்தில் தோணியாலே இணைக்கப்பட்டிருந்தது என்னும் சித்திரம் மெல்லத் தோன்றுகின்றது.

அந்நீர் தன் வழியை மறந்துவிடவில்லை. மாரி மிகும் ஆண்டுகளில், சேனநாயக்க சமுத்திரத்தின் வான்கதவுகள் திறக்கப்படுங் காலத்தில், கிட்டங்கித் தாம்போதி மூழ்கும். ஆசிரியரும் மாணவரும் அக்கரையிலோ இக்கரையிலோ நின்றுவிடுவர். 2024ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் திகதி காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையே வெள்ளம் பாய்ந்த வீதியிலே, மதரசா மாணவரை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் கவிழ்ந்து அப்பிள்ளைகளுட் பலர் உயிரிழந்த செய்தியை நாம் மறத்தல் இயலுமோ? எந்த இடத்திலே நீர் குறுக்கறுத்துப் பாயும், எந்த மாதத்திலே எவ்வளவு ஏறும், ஏறிய நீர் எத்தனை நாளில் வடியும் என்பவற்றைப் பழைய போடியாரும் வட்டவிதானைமாரும் முல்லைக்காரரும் நூல் பார்த்து அறிந்தவரல்லர், கேள்வியாலே அறிந்தனர். அக்கேள்வி அறுந்தபின் நம்மிடம் எஞ்சியிருப்பது வீதி ஒன்றே.

ஊர்க்கதை உயிர் காத்ததற்கு உலகறிந்த உதாரணம் ஒன்று உண்டு. சுமாத்திராவின் மேற்கே சிமெயுலுவே என்னும் சிறு தீவு உளது. 1907ஆம் ஆண்டிலே அங்கே பேரலை எழுந்து பலரை மாய்த்தது. எஞ்சியோர் அதனைத் தம் மொழியிலே ஸ்மோங் என்றழைத்து, பாட்டாகவும் தாலாட்டாகவும் கதையாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர். நிலம் வன்மையாக நடுங்கி, அதன்பின் கடல் உள்வாங்கக் கண்டால், எதனையும் எடுக்க நில்லாது மலைக்கு ஓடுக என்பதே கதையின் உட்பொருள். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி நிலநடுக்கம் தோன்றிய இடத்துக்கு மிக அண்மையில் இருந்தது அத்தீவு. ஏறத்தாழ 78,000 மக்களுள் எழுவரே மாண்டனர். அதே நாளில், கடல் பல நூறு மைல் கடந்து வந்து சேர்ந்த நம் அம்பாறை மாவட்டத்திலோ 10,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். நமக்கும் அத்தீவுக்கும் வேறுபாடுகள் பலவுள. நிலநடுக்கமாகிய முன்னறிவிப்பு அவர்க்கு வாய்த்தது போல நமக்கு வாய்க்கவில்லை. எனினும் ஒன்று சொல்லுதல் வேண்டும். கடல்கோள் என்னும் சொல்லை யாம் பாடசாலையிலே படித்திருந்தோம். தேர்வுக்கு எழுதிப் புள்ளியும் பெற்றிருந்தோம். குமரிக்கோட்டைக் கொண்ட கடல் கல்முனைக்கும் வரக்கூடும் என்று எமக்கு எவரும் சொல்லவில்லை, யாமும் நினைத்ததில்லை. நூலிலிருந்த சொல் ஊரிலே கதையாக இருக்கவில்லை.

நிற்க. கதையை விசாரித்தல் என்றோமே, அதன் முதற் படி யாது? சொன்னவர் யார் என்பதே. இது மேனாட்டார் நமக்குக் கற்பித்த புதுமையன்று. இறையனார் களவியலுரை, தான் எழுத்துருப் பெறுமுன் ஆசிரியரிடமிருந்து மாணவருக்கு வாய்மொழியாக நடந்து வந்தவாற்றை, நக்கீரர் தொடங்கி முசிறி ஆசிரியர் நீலகண்டனார் ஈறாகப் பெயர் பெயராக எடுத்துரைக்கின்றது. இன்னார்க்கு இன்னார் சொன்னார் என்னும் தொடரின்றி உரைக்குப் பெருமை இல்லை என்று அக்காலத்தார் கருதினர். இஸ்லாமிய அறிஞரோ இத்துறையை ஒரு தனிக் கலையாகவே வளர்த்தனர். ஹதீஸ் ஒன்றை ஆராயும்போது அதன் வாசகத்தோடு நில்லாது, அறிவிப்பாளர் தொடரையும் ஒவ்வொருவராக ஆராய்வர். தொடரிலே ஒருவர் அறியப்படாதவராயின் செய்தியின் தரம் குறையும். பெல்சிய நாட்டறிஞராகிய யான் வன்சினா என்பார் கொங்கோ நாட்டிலே கூபா மக்களிடை வாழ்ந்து, வாய்மொழி மரபும் தக்கவாறு ஆராயப்படின் வரலாற்றுச் சான்றாகும் என்று 1961ஆம் ஆண்டிலே நூல் எழுதி நிறுவினார். அவர் கேட்ட வினாக்களுள் முதன்மையானது, இதனை உனக்குச் சொன்னவர் யார் என்பதே. எம் வகுப்பிலே இந்து மாணவரும் முஸ்லிம் மாணவரும் அருகருகே இருந்து படித்த ஆண்டொன்றில் இவ்விரு தொடர்களையும் ஒரே பாடத்திலே ஒப்பிட்டுக் காட்டினோம். பாடத்திட்டத்தில் அது இல்லை. எனினும் அவ்வாண்டு நடாத்திய பாடங்களுள் மாணவர் நினைவில் நிற்பது அதுவேயாம்.

இரண்டாவது படி, ஒரு கதையைக் கூறு கூறாகப் பிரித்தல். மட்டக்களப்பு நாடெங்கும் வழங்கும் பெருங்கதையொன்றை எடுத்துக்கொள்வோம். முக்குவர்க்கும் திமிலர்க்கும் போர் மூண்டதென்றும், முக்குவர் பட்டாணியராகிய முஸ்லிம் வீரரைத் துணைக்கொண்டு திமிலரை வடக்கே வெருகல் வரை துரத்தினரென்றும், சத்துருக்கொண்டான், வந்தாறுமூலை, சந்திவெளி என்னும் பெயர்கள் அப்போரிலும் அதன்பின் இளைப்பாறியதிலும் பிறந்தனவென்றும், துணைபுரிந்த பட்டாணியர் நிலமும் பெண்ணும் பெற்று ஏறாவூரிலே குடியமர்ந்தனரென்றும் அக்கதை கூறும். இதிலே பெயர்க் காரணம் கூறும் பகுதியைத் தமிழாசிரியனாகிய எம்மிடம் தருவீராயின், யாம் சற்றே கடுமையாகத்தான் நோக்குவோம். சந்தி என்பதற்குச் சமாதானம் என்பதும் பொருள். கூடுமிடம் என்பதும் பொருள். சந்திவெளி வழிகள் கூடும் வயல்வெளியாகவும் இருத்தல் கூடும். போர்க்கதை தனக்கு வேண்டிய பொருளைத் தெரிந்து எடுத்துக்கொள்கின்றது. ஆதலின் பெயர்களைக் கொண்டு போரை நிறுவுதலும், போரைக் கொண்டு பெயர்களை விளக்குதலும் ஒரு வட்டத்துள்ளே சுற்றுவதாகும்.

ஆயின் கதையின் இறுதிப் பகுதி அத்தன்மைத்தன்று. கிழக்குக் கரைத் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழியாகவே குடி கொள்ளுதலும், மகளுக்கு வீடும் நிலமும் சீதனமாகக் கொடுத்து மருமகனை அவ்வீட்டிலே இருத்துதலும், கோயிலிலே வண்ணக்கரும் பள்ளிவாசலிலே மரைக்காயரும் குடிவழியாக நியமனம் பெறுதலும் கண்கூடாகக் காணப்பெற்ற வழக்கங்கள். 1969 முதல் அக்கரைப்பற்றிலே தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இவற்றை விரிவாகப் பதிந்துள்ளார். பெண்வழியாக உறவு ஏற்பட்டது என்று கதை சொல்வதை வழக்கம் மறுக்கவில்லை. இதனோடு எழுத்துச் சான்றொன்றையும் வைத்து நோக்குதல் வேண்டும். போர்த்துக்கேயர் தம் ஆட்சிக்குட்பட்ட கரையோரத்தினின்றும் முஸ்லிம்களை வெளியேற்றியபோது, 1626ஆம் ஆண்டளவில் கண்டி மன்னன் செனரத் அவர்களுள் ஏறத்தாழ 4,000 பேரை இக்கிழக்குக் கரையிலே குடியமர்த்தினான் என்பது அது. ஆகவே முஸ்லிம் மக்களின் வருகை ஒரே கதையில் அடங்குவதன்று. பல காலத்திலே பல வழியாக நிகழ்ந்தது. போர்க்கதையை மட்டும் கூறுவோர் மன்னன் செயலை மறக்கின்றனர். மன்னன் செயலை மட்டும் கூறுவோர் அதற்கு முன்னிருந்த உறவை மறக்கின்றனர். எல்லைத் தகராறு எழும்போதெல்லாம் ஊர்க்கதை சாட்சிக்கு அழைக்கப்படுவதும், அழைத்தவருக்கு வேண்டிய பாதியை மட்டும் சொல்லுமாறு அது பழக்கப்படுவதும் நம்மூரிலே நாம் காண்பனவே.

எழுதி வைத்தவர் நம்மிடை இல்லாமற் போகவில்லை. எஸ். ஓ. கனகரத்தினம் 1921ஆம் ஆண்டிலே மட்டக்களப்பு மாவட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். ஏடுகளாகக் கிடந்த மட்டக்களப்பு மான்மியத்தை எப். எக்ஸ். சி. நடராசா 1962ஆம் ஆண்டில் அச்சேற்றினார். நமக்கு அயலூராகிய மண்டூரைச் சேர்ந்த பண்டிதர் வி. சீ. கந்தையா 1964ஆம் ஆண்டில் மட்டக்களப்புத் தமிழகம் என்னும் பெருநூலையும், 1968ஆம் ஆண்டில் கண்ணகி வழக்குரைப் பதிப்பையும் தந்தார். நிந்தவூர் எஸ். முத்துமீரான் முஸ்லிம் மக்களின் நாட்டார் பாடல்களைத் திரட்டி வெளியிட்டார். இவர்கள் தனியொருவராக நின்று உழைத்தவர். ஒருவர் உழைப்பிலே அவர் கால் சென்ற ஊர்களே இடம்பெறும். தென்னிந்தியாவிலே கேணல் காலின் மக்கென்சி, காவலி வெங்கட போரய்யா முதலிய உதவியாளர் பலரை ஊர்தோறும் அனுப்பிக் கைபீது என்னும் ஊர் வரலாறுகளைத் திரட்டியமையாலேயே, அத்தொகுதி இன்றும் சென்னையிலே ஆராய்வோர்க்குப் பயன்படுகின்றது. பலர் கூடிச் செய்தற்கு உரியது இப்பணி. திரட்டியதை ஓரிடத்திலே மட்டும் வைத்தலும் போதாது. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது அழிந்த ஏறத்தாழ 97,000 நூல்களோடும் ஏடுகளோடும், வேறெங்கும் படியில்லாத சுவடிகளும் சாம்பராயின.

கல்வெட்டு என்னும் சொல்லைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. தமிழகத்தார்க்குக் கல்வெட்டு என்றால் கல்லிலே வெட்டியது. மட்டக்களப்பார்க்கோ நாடுகாட்டுப் பரவணிக் கல்வெட்டு என்பது போல, ஏட்டிலே எழுதிய உரிமை வரலாறும் கல்வெட்டேயாம். இறந்தோர்க்கு முப்பத்தோராம் நாளிலே வெளியிடும் நினைவு நூலையும் ஈழத்தார் கல்வெட்டு என்றே வழங்குவர். அதனை வீட்டுக்குக் கொண்டுசென்று ஒரு மூலையிலே போட்டுவிடுகின்றோம். அதிலே இறந்தவர் பிறந்த ஊர், பெற்றோர், கொண்டும் கொடுத்தும் உறவாகிய குடும்பங்கள், செய்த தொழில், இடம்பெயர்ந்த ஆண்டு யாவும் இருக்கும். நூறு கல்வெட்டுகளை ஓரிடத்திலே சேர்த்து வைப்பாராயின் ஒரு பிரதேசத்தின் குடிவரலாறு எழுதலாம். காணி உறுதிகளும் அத்தகையன. நொத்தாரிசு எழுதிய பழைய உறுதியிலே நான்கெல்லை கூறுமிடத்து, இன்று எவர் வாயிலும் வழங்காத வாய்க்காலும் வட்டையும் பெயரோடு நிற்கும். பாடசாலையின் சேர்விடாப்பிலே பிள்ளையின் பெயருக்கு நேரே தந்தையின் தொழிலும் முகவரியும் உண்டு. ஓராண்டிலே திடீரென எத்தனை பிள்ளைகள் எவ்வூரிலிருந்து வந்து சேர்ந்தனர் என்பதைப் பார்த்தால், அவ்வாண்டு எவ்வூர் மக்கள் இடம்பெயர்ந்தனர் என்பது எவரும் சொல்லாமலே விளங்கும்.

நாவிதன்வெளிப் பகுதியிலே அவசரமாகச் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. 1949ஆம் ஆண்டிலே கல்லோயாத் திட்டம் தொடங்கி, இங்கினியாகலையிலே பட்டிப்பளை ஆறு மறிக்கப்பட்டது. அதன்பின் காடு வெட்டி மக்கள் குடியேற்றப்பட்டனர். பழைய ஊர்களுக்கெல்லாம் பொருள் பொதிந்த பெயர் இருக்க, அக்குடியேற்றங்களுக்கு இலக்கமே பெயராயிற்று. 7ஆம் கிராமம், 15ஆம் கிராமம் என இன்றும் வழங்குகின்றோம். மத்திய முகாம் என்பது ஊர்ப் பெயராகவே நிலைத்துவிட்டது. இலக்கத்தைக் கொண்டு யாரும் கதை பின்ன முடியாது. ஆதலின் அவ்வூர்களின் தொடக்கம் குடியேறியவர் நெஞ்சிலே மட்டும் உள்ளது. எந்தக் கரையூரிலிருந்து வந்தனர், முதற் குடிசை எங்கே எழுந்தது, யானை எவ்வழி வந்தது, முதற் போகம் விளைந்ததா பொய்த்ததா, 1956ஆம் ஆண்டு ஜூன் மாதக் கலவரத்திலே யார் யாரைக் காத்தனர், 1957ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தையும் 1978ஆம் ஆண்டு நவம்பர்ச் சூறாவளியையும் எவ்வாறு கடந்தனர் என்பன எந்த அலுவலகக் கோவையிலும் முழுமையாகக் கிடையா. 1952ஆம் ஆண்டிலே இருபது வயதினராய் வந்தவர் இன்றிருப்பின் தொண்ணூறு கடந்தவராவர். கணக்குப் பாடம் கற்பிப்பது எம் வேலையன்று. எனினும் இக்கணக்கு எம்மை உறங்கவொட்டாது செய்கின்றது.

இதனினும் கடினமான கதைகளும் உள. 1990ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திலே காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் வீரமுனையிலும், தொழுகையில் இருந்தோரும் வீட்டில் உறங்கியோரும் ஆலயத்திலே தஞ்சம் புகுந்தோரும் கொல்லப்பட்டனர். ஒவ்வோர் ஊரும் தன் இறந்தோரைத் தன் நாளிலே நினைக்கின்றது. அது நியாயமே. ஓர் ஊரின் கதையை மற்றையூரார் அமர்ந்து கேட்ட இடம் யாம் அறிந்தவரை அரிது. இத்தகைய கதைகளைப் பதிவு செய்வோர் அவசரப்படலாகாது. சொல்ல விரும்பாதவரை வற்புறுத்தலாகாது. சொன்னவர் தம் பெயரை மறைக்க வேண்டுமென்றால் மறைத்தல் வேண்டும். இத்தனை ஆண்டுக்கு இதனை எவர்க்கும் காட்டற்க என்றால் முத்திரையிட்டு அவ்வாறே வைத்தல் வேண்டும். உலகிலே வாய்மொழி வரலாற்றைப் பேணும் ஆவணக் காப்பகங்களிலெல்லாம் இந்நெறி உண்டு. கதையைத் திருத்தி இருசாராருக்கும் இனிமையாக்குதல் மட்டும் ஆகாது.

எம் பழைய மாணவர் சங்கத்தார் விழாவோடு நில்லாது, ஒரு வரலாற்றுக் கழகத்தைத் தொடங்குவாராயின் அதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை கூடுக. ஒரு மாதம் கோயில் மடத்திலே, ஒரு மாதம் பள்ளிவாசலை அடுத்த மண்டபத்திலே, ஒரு மாதம் சொறிக்கல்முனை ஆலய முற்றத்திலே என மாறி மாறிக் கூடுதல் நன்று. ஒவ்வொரு கூட்டத்துக்கும் முதியவர் ஒருவரை வாகனம் வைத்து அழைத்து வருக. அவரைப் பேச்சாளராக மேடையேற்றி மாலை சூட்டினால் அவர் கதை சொல்லார்; சொற்பொழிவு ஆற்றிவிடுவார். நடுவே ஒரு நாற்காலியும் தேநீரும் போதும். கைத்தொலைபேசியிலே ஒலியைப் பதிக்கலாம். அவ்வசதி எம் ஆசிரியர்மாருக்கு வாய்க்காதது. பதித்ததை 2005ஆம் ஆண்டு தொடங்கிய நூலக நிறுவனம் போன்றோரிடத்தும் ஒரு படி கொடுத்து வைப்பின், ஓரிடத்தில் அழிந்தாலும் மற்றோரிடத்தில் நிற்கும். சொன்னவர் பெயர், வயது, ஊர், அவர் யாரிடம் கேட்டார், பதிந்த நாள் என்பன ஒவ்வொரு பதிவின் தலையிலும் இருத்தல் வேண்டும். ஒருவர் சொன்னதை மற்றொருவர் மறுத்தால் மறுப்பையும் அருகிலே எழுதுக. எது சரி என்று அன்றே வாக்கெடுக்கப் புகற்க.

இறுதியாக, சொன்னவர் சொல்லைச் சொன்னவாறே எழுதுதலைப் பற்றி. இது குறித்து யாம் பேசுதற்கு உரிமை உடையோமோ என்பதே ஐயம்; ஏனெனில் இவ்விடத்திலே தவறிழைத்தவர் யாமே. சில ஆண்டுகளுக்கு முன், தத்தம் வீட்டு முதியோரிடம் ஒரு கதை கேட்டு எழுதி வருமாறு மாணவரைப் பணித்தோம். ஒரு மாணவர் தம் அம்மப்பா சொன்ன 1957ஆம் ஆண்டு வெள்ளக் கதையை எழுதி வந்தார். கிட்டங்கிப் பக்கத்திலிருந்து தோணியொன்று வயல்களின் மேலாகவே வந்து, களவெட்டியிலே சூட்டின் மேல் ஏறி நின்றோரை ஏற்றிச் சென்றது என்பது கதை. வட்டையின் பெயரும், தோணி எந்த வாய்க்காலைத் தாண்டி வந்தது என்பதும் அதிலே இருந்தன. எழுத்து முழுவதும் பேச்சு வழக்கு. யாம் சிவப்பு மையை எடுத்தோம். வட்டை என்பதை அடித்து வயல் என்றெழுதினோம். களவெட்டியை நெற்களம் ஆக்கினோம். சூட்டை நெற்போர் ஆக்கினோம். வேளாண்மை என்று வருமிடமெல்லாம் பயிர் என மாற்றினோம். கட்டுரைக்கு இத்துணை இடப்பெயர் வேண்டா என்று ஓரத்திலே குறிப்பும் எழுதினோம். கீழ்ப்படிந்த அம்மாணவர் செவ்வையாகப் படியெடுத்துத் தந்தார். முதலிலே எழுதிய கொப்பியை எறிந்துவிட்டார். படி எம்மிடம் இன்றும் இருக்கின்றது. பிழையற்ற நடை, சந்தி வழுவில்லை. வெள்ளம் எவ்வழி வந்தது என்பதை மட்டும் அதிலே காண இயலாது. தவறை உணர்ந்து அம்மாணவர் வீட்டுக்குச் சென்றபோது அம்மப்பா காலமாகி ஐந்து மாதம் ஆகியிருந்தது. மாணவருக்குப் பெயர் நினைவில்லை. அவர் தாயார், கிட்டங்கிக்கு மேற்கே என்று மட்டும் கூறினார்.

இம்மலரை வாசிக்கும் பழைய மாணவருள்ளோ அவர்தம் பெற்றோருள்ளோ, 1957ஆம் ஆண்டு வெள்ளத்திலே களவெட்டிக்குத் தோணி வந்த அவ்வட்டையின் பெயரை அறிந்தவர் இருப்பாராயின், கல்லூரி முகவரிக்கு ஒரு வரி எழுதுமாறு வேண்டுகின்றோம். எந்த நடையில் எழுதினும் திருத்தமாட்டோம்.